நெஞ்சு வலி: சிடி ஆஞ்சியோவா, டிரெட்மில்லா, நேரடி ஆஞ்சியோவா?

மாடிப்படி ஏறினால் நெஞ்சை அழுத்துகிறது, நின்றால் விட்டுவிடுகிறது. டாக்டரிடம் போனால் ஈ.சி.ஜி. எடுக்கிறார், அதில் ஒன்றும் தெரியவில்லை. ஆஞ்சைனாவாக (இதயத் தசைக்கு ரத்தம் போதாமல் வரும் வலி) இருக்கலாம் என்று டிரெட்மில் டெஸ்டுக்கு, அதாவது ஓடும் பட்டையில் நடக்கவைத்து ஈ.சி.ஜி. பார்ப்பதற்கு, எழுதிக் கொடுக்கிறார். இரண்டாவது கருத்துக் கேட்கப் போன இடத்தில் சிடி ஆஞ்சியோ என்கிறார்கள். உறவினர் ஒருவரோ, "எதற்குச் சுற்றி வளைத்துக்கொண்டு? நேராக ஆஞ்சியோ எடுத்துவிடு" என்கிறார். வாசகர்கள் அனுப்பும் கேள்விகளில் இந்தக் குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. மூன்று பேருமே தவறாகச் சொல்லவில்லை என்பதுதான் இதில் சிக்கல். யாருக்கு, எந்த நிலையில் என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

அதற்கு முன் ஒன்று. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வரும் வலி, கால் மணி நேரம் ஆகியும் விடாத வலி, வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்து வரும் வலி, சில நாட்களாக வேகமாகக் கூடிக்கொண்டே போகும் வலி ஆகியவை மாரடைப்பின் வாசலாக இருக்கலாம். அவற்றுக்கு ஒப்பீடு பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். இந்தக் கட்டுரை, வலி ஒரே சீராக வந்துபோகும், இன்னும் நோய் உறுதியாகாதவர்களுக்கானது.

## எதை வைத்து எடைபோடுவது

பரிசோதனை எந்தக் கேள்விக்குப் பதில் தருகிறது என்பதே முதல் அளவுகோல். கால்வாய் தூர்ந்திருக்கிறதா என்று கரையோரம் நடந்து பார்ப்பது ஒன்று. கடைமடை வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது வேறொன்று. சிடி ஸ்கேனில் படமெடுக்கும் சிடி ஆஞ்சியோவும், குழாய் செலுத்திப் பார்க்கும் நேரடி ஆஞ்சியோவும் முதல் வகை. இதயத் தமனிகள் எங்கே, எவ்வளவு குறுகியிருக்கின்றன என்று காட்டும். டிரெட்மில், ஸ்ட்ரெஸ் எக்கோ, நியூக்ளியர் ஸ்கேன், ஸ்ட்ரெஸ் எம்.ஆர்.ஐ. எல்லாம் இரண்டாம் வகை. இதயம் வேகமாக உழைக்கும்போது தசைக்கு ரத்தம் போதுகிறதா என்று சொல்லும். இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. 60 சதவீத அடைப்பு இருந்தும் தசைக்கு வேண்டிய ரத்தம் போய்க்கொண்டிருக்கலாம். பெரிய தமனிகள் சுத்தமாக இருந்தும், நுண்ணிய ரத்தக்குழாய்கள் சரியாக விரியாததால் உண்மையான ஆஞ்சைனா வரலாம்.

இரண்டாவது, பரிசோதனைக்கு முன்பே நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பது. இதற்கு வலியின் கதைதான் முக்கியம். டாக்டர்கள் மூன்று விஷயம் கேட்பார்கள்: நெஞ்சு, கழுத்து, தாடை, தோள் அல்லது கையில் இறுக்கமாக வருகிறதா, உடலை வருத்தும்போது வருகிறதா, ஓய்வெடுத்தாலோ நாக்கின் அடியில் நைட்ரேட் (ரத்தக்குழாயை விரிக்கும் மருந்து) வைத்தாலோ ஐந்து நிமிடத்தில் குறைகிறதா. மூன்றும் இருந்தால் அசல் ஆஞ்சைனாவின் லட்சணம். இரண்டு இருந்தால் பாதிப் பொருத்தம். ஒன்றோ, ஒன்றும் இல்லாமலோ இருந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். இதோடு வயது, பாலினம், சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், கொழுப்பு, குடும்ப வரலாறு ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். இந்த வாய்ப்பு 5 சதவீதமோ அதற்குக் கீழோ என்றால் மேற்கொண்டு பரிசோதனை தேவைப்படாமலே போகலாம் என்கிறது 2024-இல் வந்த ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் வழிகாட்டி. "எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்வோமே" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வாய்ப்பு மிகக் குறைவாக உள்ளவரிடம் வரும் 'அசாதாரணம்' என்ற முடிவு பெரும்பாலும் பொய் எச்சரிக்கையாகவே இருக்கும்.

மூன்றாவது, உங்கள் உடல் அந்தப் பரிசோதனைக்கு ஒத்துழைக்குமா: சிறுநீரகம், ஆஸ்துமா, நாடித்துடிப்பின் ஒழுங்கு, நடக்கும் திறன், ஏற்கெனவே உள்ள ஸ்டென்ட் (தமனியை விரித்துவைக்கும் வலைக்குழாய்). நான்காவதைத்தான் யாரும் கேட்பதில்லை: முடிவு வந்த பிறகு என்ன செய்யப்போகிறோம்? எந்த முடிவு வந்தாலும் சிகிச்சை மாறாது என்றால் அந்தப் பரிசோதனை எதற்கு?

## சிடி ஆஞ்சியோ

கை நரம்பில் ஊசி ஏற்றி, அயோடின் கலந்த சாய மருந்தை வேகமாகச் செலுத்தி, மூச்சைச் சில நொடிகள் அடக்கச் சொல்லிப் படம் எடுப்பார்கள். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும். சிறுநீர் கழித்துவிட்டது போலக்கூடத் தோன்றும். பயப்பட ஒன்றுமில்லை. இதயம் ஓடிக்கொண்டே இருக்கும் உறுப்பு என்பதால் படம் கலங்காமல் இருக்க நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60 முதல் 65-க்குக் கீழே இருப்பது நல்லது. அதற்காக மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரையும், தமனிகளை விரிக்க நாக்கின் அடியில் நைட்ரேட்டும் தருவார்கள்.

இதன் பெரிய பலம், 'இல்லை' என்று சொல்வதில். கணிசமான அடைப்பு உள்ளவர்களில் 100-க்கு 95 பேருக்கு மேல் இதில் பிடிபடுவார்கள். அதனால் சிடி சுத்தமாக வந்தால், பெரிய தமனிகளில் அடைப்பு இல்லை என்று கிட்டத்தட்ட நிம்மதியாகவே இருக்கலாம்.

இன்னொரு பலம், ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் பரிசோதனைகளில் தெரியாத ஒன்றை இது காட்டுவது: குழாயைக் குறுக்காமல் சுவருக்குள்ளேயே பதுங்கியிருக்கும் கொழுப்புப் படிவு. மாரடைப்புகளில் கணிசமானவை, அதற்கு முன்பு பெரிய அடைப்பாகவே இல்லாத படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவதால் வருபவை. டிரெட்மில்லில் அருமையாக ஓடி முடித்தவரின் தமனிச் சுவரிலும் அப்படிப்பட்ட படிவு இருக்கலாம்.

இதன் விளைவை ஸ்காட்லாந்தில் நடந்த 'ஸ்காட்-ஹார்ட்' ஆய்வில் பார்க்கலாம். நெஞ்சு வலியோடு வந்த 4,146 பேரில் பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. மறுபாதிக்கு அதோடு சிடி ஆஞ்சியோ. 2018-இல் வந்த ஐந்தாண்டு முடிவில், இதய நோயால் இறந்தவர்களும் மாரடைப்பு வந்தவர்களும் சேர்ந்து சிடி எடுத்தவர்களில் 2.3 சதவீதம், எடுக்காதவர்களில் 3.9 சதவீதம். ஸ்கேன் இயந்திரம் யாரையும் குணப்படுத்தியிருக்க முடியாது. படிவைப் பார்த்த டாக்டர் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் எழுதினார்; படத்தைப் பார்த்த நோயாளி அதை விழுங்கினார். அவ்வளவுதான் நடந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இரு குழுவினரும் எடுத்த மருந்தில் இருந்த சிறு வித்தியாசத்தால் இவ்வளவு பெரிய பலன் வருமா என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. அது நியாயமான சந்தேகம்தான்.

ஏனென்றால் வட அமெரிக்காவில் 10,003 பேரை வைத்து நடந்த 'ப்ராமிஸ்' ஆய்வு 2015-இல் வேறு மாதிரி சொன்னது. சிடி முதலில் எடுத்தாலும், ஸ்ட்ரெஸ் பரிசோதனை முதலில் செய்தாலும், சுமார் இரண்டு ஆண்டுகளில் மரணம், மாரடைப்பு போன்றவற்றில் வித்தியாசம் இல்லை: 3.3 சதவீதமும் 3.0 சதவீதமும். ஆகவே 'சிடி எடுக்காவிட்டால் ஆபத்து' என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டியதில்லை.

இனி மறைந்திருக்கும் செலவுகள். இவற்றை ஸ்கேன் மையத்தில் பெரும்பாலும் சொல்வதில்லை.

தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தால் அது படத்தில் உண்மை அளவைவிடப் பெரிதாகப் பூத்துத் தெரியும். 40 சதவீத அடைப்பு 70 சதவீதம் போலத் தோன்றலாம். அந்தச் சுண்ணாம்பின் அளவைச் சொல்லும் கால்சியம் ஸ்கோர் 400-க்கு மேல் போனால் இந்தத் தொல்லை கூடும். வயதானவர்களுக்கும், நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளுக்கும், சிறுநீரக நோயாளிகளுக்கும் இது அதிகம். அப்போது 'சரியாகச் சொல்ல முடியவில்லை, நேரடி ஆஞ்சியோ செய்து பாருங்கள்' என்று அறிக்கை வரும். ஒரு பரிசோதனைக்குப் பதில் இரண்டு. 3 மில்லிமீட்டருக்கும் குறுகிய ஸ்டென்ட்டின் உட்புறமும் சாதாரண சிடியில் தெளிவாகத் தெரியாது.

அடுத்து, கேட்காமலே வரும் செய்திகள். இதயத்தோடு நுரையீரலின் ஒரு பகுதியும் படத்தில் விழும். சிறு முடிச்சு ஒன்று தெரிந்தால் ஆறு மாதம், ஒரு வருடம் என்று மறுபடி மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டிவரும். பெரும்பாலும் ஒன்றும் இராது. எப்போதாவது உயிரையே காப்பாற்றும். அந்த இடைப்பட்ட காலத்துத் தூக்கமின்மைக்கு யாரும் பில் போடுவதில்லை.

கதிர்வீச்சைப் பற்றிய பயம் கொஞ்சம் பழையது. இன்றைய கருவிகளில் பெரும்பாலும் 2 முதல் 5 மில்லிசீவர்ட்டுக்குள் (கதிர்வீச்சின் அளவு) முடிகிறது. இயற்கையிலிருந்தே ஒரு மனிதர் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வாங்கிக்கொள்கிறார். சாய மருந்துதான் உண்மையில் யோசிக்க வேண்டியது: சிறுநீரகச் செயல்பாடு மிகக் குறைந்தவர்களும், முன்பு ஒவ்வாமை வந்தவர்களும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

கடைசியாக, '30 சதவீத அடைப்பு' என்ற வரி. இதைப் படித்தவுடன் பாதி உயிர் போய்விடுகிறது. உண்மையில் அந்த அளவு அடைப்பு ரத்த ஓட்டத்தைத் தடுக்காது; ஸ்டென்ட்டும் வேண்டியதில்லை. மருந்தும் பழக்கவழக்க மாற்றமும்தான் அதற்குச் சிகிச்சை. ஆனால் வீட்டில் எல்லோருக்கும் 'இதயத்தில் அடைப்பு' என்ற சொல் மட்டுமே காதில் நிற்கும்.

## டிரெட்மில் டெஸ்ட்

மலிவு, எங்கும் கிடைக்கும், கதிர்வீச்சு கிடையாது, ஊசியும் கிடையாது. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். 220-இலிருந்து வயதைக் கழித்தால் வரும் எண்ணில் 85 சதவீதத்தை நாடித்துடிப்பு எட்ட வேண்டும்.

குறை என்னவென்றால், கணிசமான அடைப்பு உள்ள 100 பேரில் ஏறக்குறைய 60 பேரைத்தான் இது பிடிக்கிறது. அடைப்பு இல்லாதவர்களிலும் நிறையப் பேருக்கு 'பாசிட்டிவ்' காட்டும். பெண்களுக்கு இந்தப் பொய் எச்சரிக்கை கூடுதல். மூட்டு வலி, மூச்சு நோய், இடது கட்டுக்கிளை அடைப்பு (தமனி அடைப்பு அல்ல, இதயத்தின் மின்பாதையில் வரும் தடை) போன்ற ஈ.சி.ஜி. மாற்றங்கள், டிகாக்ஸின் என்ற இதய மருந்து ஆகியவை இருந்தால் இதன் பயன் இன்னும் சுருங்கிவிடும். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு நோய் கண்டறிவதற்கான முதல் பட்டியலிலிருந்து இதை எடுத்துவிட்டு, 2016-இல் 64 அடுக்கு அல்லது அதற்கு மேற்பட்ட சிடியை முன்னுக்குக் கொண்டுவந்தது இதனால்தான்.

ஆனாலும் குப்பையில் போட வேண்டிய பரிசோதனை என்று சொல்ல மாட்டேன். எத்தனை நிமிடம் ஓட முடிகிறது, எப்போது வலி வருகிறது, ரத்த அழுத்தம் எப்படி ஏறுகிறது என்பதெல்லாம் எந்த ஸ்கேனும் தராத தகவல். மற்றவை கிடைக்காத இடத்தில், வாய்ப்பு குறைவானவருக்கு, நன்றாக நடக்கக்கூடியவருக்கு இது போதும்.

## ஸ்ட்ரெஸ் எக்கோ, நியூக்ளியர் ஸ்கேன், ஸ்ட்ரெஸ் எம்.ஆர்.ஐ.

மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே. ஓடவைத்தோ மருந்து கொடுத்தோ இதயத்தை உழைக்கும் நிலைக்குக் கொண்டுபோய், தசை எப்படி நடந்துகொள்கிறது என்று படம் பிடிப்பது. டிரெட்மில்லைவிட நம்பகமானவை. ஸ்ட்ரெஸ் எக்கோவில் கதிர்வீச்சு இல்லை, ஆனால் செய்பவரின் கைத்திறனும் கண்ணும்தான் எல்லாம். உடல் பருமன் அதிகமானவர்களிடம் படம் மங்கும். நியூக்ளியர் ஸ்கேன் பரவலாகக் கிடைக்கும், சிடியைவிடக் கதிர்வீச்சு பொதுவாகக் கூடுதல். மூன்று தமனிகளிலும் ஒரே அளவு அடைப்பு இருந்தால் எல்லாப் பகுதியும் ஒரே மாதிரித் தெரிந்து ஏமாற்றவும் கூடும். ஸ்ட்ரெஸ் எம்.ஆர்.ஐ. மிகத் துல்லியமானது, கதிர்வீச்சு இல்லை. ஆனால் குறுகிய குழாய்க்குள் நீண்ட நேரம் படுத்திருக்க வேண்டும், காத்திருப்பும் அதிகம், எல்லா ஊரிலும் கிடைக்காது.

அடினோசின் போன்ற மருந்து கொடுத்துச் செய்வதானால் ஆஸ்துமா உள்ளவர்கள் முதலிலேயே சொல்ல வேண்டும். காபி, டீயை முந்தைய நாளிலிருந்தே நிறுத்தச் சொல்வார்கள். மீறிக் குடித்தால் மருந்தின் வேலை கெட்டு முடிவு தவறாக வரும்.

ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் செய்தவர்கள், அடைப்பு இருப்பது தெரிந்தவர்கள் ஆகியோருக்கு இந்த வகைதான் என் முதல் தேர்வு. அவர்களுக்கு நோய் இருப்பது தெரியும். இந்த வலி அதனால்தான் வருகிறதா என்பதே கேள்வி, அதற்கு சிடி நேரான பதில் தராது.

## நேரடி ஆஞ்சியோகிராம்

மணிக்கட்டு வழியாகவோ தொடை வழியாகவோ மெல்லிய குழாயை இதயம்வரை செலுத்திச் சாயம் பாய்ச்சிப் பார்ப்பது. சந்தேகம் வந்தால் அங்கேயே அழுத்தக் கம்பி வைத்து, அந்த அடைப்பு ரத்த ஓட்டத்தைத் தடுக்கிறதா என்றும் அளக்கலாம். தேவைப்பட்டால் அதே மேசையில் ஸ்டென்ட்டும் வைக்கலாம்.

அந்தக் கடைசி வசதியே இதன் மறைந்திருக்கும் செலவும் கூட. மேசையில் படுத்திருப்பவரிடம் '70 சதவீத அடைப்பு, ஸ்டென்ட் வைத்துவிடலாமா?' என்று கேட்டால் யார் மறுப்பார்கள்? 37 நாடுகளில் 5,179 பேரை வைத்து நடந்து 2020-இல் முடிவு வந்த 'இஸ்கீமியா' ஆய்வு இதற்கு முக்கியம். ரத்த ஓட்டம் கணிசமாகக் குறைந்திருந்தும் நிலைமை சீராக இருந்தவர்களுக்கு, உடனே ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்ததால் மரணமும் மாரடைப்பும் ஒட்டுமொத்தமாகக் குறையவில்லை. அடிக்கடி வலி வந்தவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது. அதாவது ஸ்டென்ட் வலிக்கு மருந்து. அவசரப்பட வேண்டிய மருந்து இல்லை. ஒரு விதிவிலக்கு: இடது முதன்மைத் தமனியில் பெரிய அடைப்பு உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

தேவையில்லாமல் செய்யப்படுவதும் அதிகம். அமெரிக்காவில் கிட்டத்தட்ட 4 லட்சம் பேரின் விவரங்களைப் பார்த்த ஓர் ஆய்வு 2010-இல் வெளிவந்தது. இதய நோய் இருப்பது முன்பு தெரியாமல், திட்டமிட்டு ஆஞ்சியோ செய்துகொண்டவர்களில் கணிசமான அடைப்பு இருந்தது சுமார் 38 சதவீதத்தினருக்கு மட்டுமே. ஐரோப்பாவில் 26 மையங்களில் 3,561 பேரை வைத்து நடந்த 'டிஸ்சார்ஜ்' ஆய்வு 2022-இல் சிடியையும் நேரடி ஆஞ்சியோவையும் நேருக்கு நேர் நிறுத்தியது. மூன்றரை ஆண்டுகளில் பெரிய இதய, மூளைப் பாதிப்புகள் 2.1 சதவீதமும் 3.0 சதவீதமும், புள்ளியியல்படி இதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் செய்முறையால் வந்த பெரிய சிக்கல்கள் சிடி வழியில் 0.5 சதவீதம், நேரடி வழியில் 1.9 சதவீதம். வாய்ப்பு நடுத்தரமாக உள்ளவர் நேரடி ஆஞ்சியோவுக்குத் தாவ வேண்டாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | சிடி ஆஞ்சியோ | டிரெட்மில் | ஸ்ட்ரெஸ் எக்கோ, நியூக்ளியர், எம்.ஆர்.ஐ. | நேரடி ஆஞ்சியோ |
|---|---|---|---|---|
| எதைக் காட்டும் | அடைப்பு, சுவரில் உள்ள படிவு | ஓடும் திறன், ஈ.சி.ஜி. மாற்றம் | தசைக்கு ரத்தம் போதுகிறதா | அடைப்பு. அழுத்தக் கம்பி வைத்தால் ரத்த ஓட்டமும் |
| 'நோய் இல்லை' என்ற முடிவை நம்பலாமா | மிகவும் | அவ்வளவாக இல்லை | பெரும்பாலும் | மிகவும் |
| கதிர்வீச்சு | குறைவு | இல்லை | நியூக்ளியருக்கு மட்டும் உண்டு | உண்டு |
| யாருக்குச் சிரமம் | சுண்ணாம்பு மிகுந்த தமனி, ஒழுங்கற்ற துடிப்பு, பலவீனமான சிறுநீரகம் | நடக்க முடியாதவர், ஈ.சி.ஜி. மாற்றம் உள்ளவர் | வகைக்கு ஏற்ப: ஆஸ்துமா, பருமன், மூடிய இடத்தைக் கண்டு பயம் | பலவீனமான சிறுநீரகம், ரத்தக்கசிவு ஆபத்து உள்ளவர் |
| மறைந்திருக்கும் செலவு | மிகை மதிப்பீடு, எதிர்பாராத கண்டுபிடிப்பு | பொய் முடிவால் இரண்டாவது பரிசோதனை | காத்திருப்பு, செய்பவரின் திறன் | தேவையில்லாத ஸ்டென்ட், செய்முறைச் சிக்கல் |

## யாருக்கு எது

வயது 65-க்குக் கீழ், இதய நோய் இருப்பதாக இதுவரை தெரியாது, வலியின் கதை பாதிப் பொருத்தம்: சிடி ஆஞ்சியோ. இதில் எனக்குத் தயக்கம் இல்லை. 2021-இல் வந்த அமெரிக்க வழிகாட்டியும் 65 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு சிடி பக்கமும், அதற்கு மேற்பட்டவர்களுக்கு ஸ்ட்ரெஸ் பரிசோதனை பக்கமும் சாய்கிறது. ஆனால் 65 என்பது வேலி இல்லை. 70 வயதில் சுத்தமான தமனியும் உண்டு, 50 வயதில் சுண்ணாம்பு நிறைந்ததும் உண்டு.

வலியின் மூன்று லட்சணமும் இருந்து, மருந்து கொடுத்தும் கொஞ்ச தூரம் நடந்தாலே வலி வருகிறது, அல்லது இதயத்தின் பம்ப் பலம் குறைந்திருக்கிறது என்றால் நேரடி ஆஞ்சியோவுக்குப் போவதே நேரத்தை மிச்சப்படுத்தும். சிடி எடுத்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார்.

சிடியில் 50 முதல் 70 சதவீதம்வரை அடைப்பு என்று வந்தவர்தான் உண்மையில் நடுவில் மாட்டிக்கொண்டவர். அவருக்கு இரண்டு வழி. ஒன்று, ஸ்ட்ரெஸ் ஸ்கேன் ஒன்றைச் சேர்த்துச் செய்வது. மற்றொன்று, அதே சிடி படத்தைக் கணினியில் போட்டு, அடைப்பைத் தாண்டிய பிறகு ரத்த அழுத்தத்தில் எத்தனை பங்கு மிஞ்சுகிறது என்று கணக்கிடுவது (குறையே இல்லாவிட்டால் 1), அதில் 0.80 அல்லது அதற்குக் கீழே வந்தால் அந்த அடைப்பைப் பொருட்படுத்த வேண்டும். எந்த வழியிலும் ஸ்டென்ட் பேச்சுக்கு முன் இந்தப் படி இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை.

சிடி சுத்தமாக வந்தும் வலி தொடர்பவர்கள், குறிப்பாகப் பெண்கள், 'உங்களுக்கு ஒன்றுமில்லை, மன அழுத்தம்' என்ற பதிலோடு திருப்பி அனுப்பப்படுகிறார்கள். நுண்குழாய்க் கோளாறும், தமனி திடீரென இறுகிக்கொள்ளும் வகையும் சிடியில் தெரியாது. சரியான மருந்து கிடைத்தால் அவர்களின் வலி பெருமளவு குறையும். 'பெரிய அடைப்பு இல்லை' என்பதை 'இதய வலி இல்லை' என்று படிக்கும் டாக்டரிடம் இதை எடுத்துச் சொல்லத் தயங்க வேண்டாம்.

## சிடி என்று முடிவானால்

சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையின் முந்தைய முடிவைக் கொண்டுபோங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர், சிறுநீரகம் பலவீனமாக இருந்தால், எப்போது நிறுத்தி எப்போது தொடங்குவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில்டெனாஃபில், டடாலாஃபில் போன்ற ஆண்மைக்குறைவு மாத்திரை எடுத்தவர் வெட்கப்படாமல் சொல்லியாக வேண்டும். அதன்மேல் நைட்ரேட் வைத்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழும். கர்ப்பமாக இருக்க வாய்ப்பு இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஸ்கேனுக்கு முன் காபி வேண்டாம்.

அறிக்கை வந்ததும் 'நார்மல், அப்நார்மல்' என்ற கடைசி வரியோடு நின்றுவிடாமல், எந்தத் தமனியில் எத்தனை சதவீதம், படத்தின் தரம் எப்படி, குறுக்காத படிவு உண்டா என்று பாருங்கள். கேட்-ராட்ஸ் என்ற 0 முதல் 5 வரையிலான தர எண் போட்டிருந்தால் அடுத்த டாக்டரிடம் பேசுவது எளிது. 0 என்றால் படிவே இல்லை. 1, 2 என்றால் மருந்தோடும் பழக்க மாற்றத்தோடும் முடிகிற விஷயம். 3 முதல்தான் அடுத்த பரிசோதனைப் பேச்சு. அச்சிட்ட தாளை மட்டும் வாங்கி வராமல், படங்கள் அடங்கிய குறுந்தகட்டையோ கணினிக் கோப்பையோ சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது கருத்து சொல்பவர் தாளை நம்ப மாட்டார், படத்தைத்தான் பார்ப்பார்.